எடைக் குறைப்பு ஓப்பரேசனுக்குப் பின் முடி கொட்டுதல்: பாமசித் தட்டில் எது காசுக்குத் தகும்?

மட்டக்களப்பு டவுனிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஓரளவு பெரிய பாமசிக்குள் போய், "ஓப்பரேசன் செய்த பிறகு முடி கொட்டுது" என்று சொன்னால் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வருபவை பெரும்பாலும் பயோட்டின் போத்தல், முடிக்கான கம்மி, வெங்காய எண்ணெய், கஃபீன் ஷாம்பு. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி, முன்சிறுகுடலைத் தாண்டிக் குடலோடு இணைப்பது) செய்துகொண்டவருக்குக் கடையிலேயே ஆகக் குறைவாக உதவும் தட்டு அதுதான். உதவக்கூடியவற்றின் பெட்டியில் கூந்தல் படமே இருக்காது: புரதமா, தாதுக்களும் சேர்ந்த விற்றமின் குளிசை, இரும்புக் குளிசை. அவற்றுக்குப் பிறகு மீன் சந்தை.

இங்கே பிராண்ட் பெயர்கள் இல்லை. இந்த மாதம் கிடைத்த பிராண்ட் அடுத்த மாதம் கிடைக்குமென்று இந்தப் பக்கத்தில் யாரும் உறுதி சொல்ல முடியாது. எதை வாங்கினாலும் லேபலில் எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு காலக்கணக்கு. இது தெரியாமல் எந்தப் பொருளையும் எடை போட முடியாது. தலையில் உள்ள முடிகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எப்போதும் வளரும் நிலையில் இருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி சுமார் மூன்று மாதம் வேரில் சும்மா இருந்துவிட்டு விழும். சத்திரசிகிச்சை, திடீர் எடை இறக்கம், சாப்பாடு குறைதல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரிய பங்கு ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஓப்பரேசன் முடிந்த கிழமையில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் சீப்பு நிறைய வரும். வழக்கமாக நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. இந்தக் கட்டத்தில் அது பல மடங்காகலாம். வேர் சாகாது. ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்று, மாதம் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வீதம் திரும்ப முளைக்கும்.

பயோட்டின், எண்ணெய், ஷாம்பு எல்லாவற்றுக்கும் இருக்கும் நல்ல பெயர் இந்தக் காலக்கணக்கிலிருந்து வந்ததுதான். நாலாம் மாதம் பயந்துபோய் ஒரு போத்தலைத் தொடங்குகிறார்கள். எட்டாம் மாதம் முடி நிற்கிறது. கையில் எந்தப் போத்தல் இருந்ததோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. "மூன்று மாதத்தில் பலன்" என்று பெட்டியில் அச்சடிப்பவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

நாலாம் மாதத்தில் விழும் முடி முதல் மாதத்திலேயே ஓய்வுக்குப் போனது. அதைப் பிடித்து நிறுத்த எந்தப் பொருளாலும் முடியாது. சத்திரசிகிச்சையும் எடை இறக்கமும் தரும் அதிர்ச்சியையும் முழுதாகத் தவிர்க்க முடியாது. நம் கையில் இருப்பது, புரதக் குறைவும் இரும்பு, நாக (சிங்க்) குறைவும் அதோடு சேர்ந்து உதிர்வை அதிகமாக்காமலும் நீட்டாமலும் பார்ப்பது. அதற்குச் சாமான்கள் ஓப்பரேசனுக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ செய்துவிட்டு வீடு திரும்பிய பிறகு தேடினால், திரவ உணவுக் காலத்தில் பாதி போய்விடும்.

புரதமா: முதல் இரண்டு மாதத்துக்குக் கட்டாயம், பிறகு உங்கள் விருப்பம்

ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் பொதுவான இலக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம். உங்கள் உயரத்துக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப வைத்தியர் கூட்டிக் குறைப்பார். சிறுநீரக நோய் இருந்தால் இந்த எண்ணை நம்பாமல் அவரைக் கேளுங்கள். முதல் கிழமைகளில் ஒரு தடவைக்கு அரைக் கோப்பைகூட இறங்காது. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தாயிற்று, பைபாஸில் சாப்பாடு இறங்குவது ஒரு சின்னப் பைக்குள்தான். அந்த அளவுக்குள் 60 கிராமைச் சாதாரணச் சாப்பாட்டால் நிரப்ப முடியாது. அங்கேதான் மாவுக்கு வேலை.

வாங்கும்போது முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். வே (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்) ஐசொலேட் என்றால் 80க்கு மேல் இருக்கும். வே கொன்சென்ட்ரேட் என்றால் 70 முதல் 80 வரை. 60க்குக் கீழே இருப்பதைத் திரும்பத் தட்டில் வைத்துவிடலாம். ஜிம் பையன்கள் வாங்கும் எடை கூட்டும் மாக்களில் "ஒரு பரிமாறலில் 50 கிராம் புரதம்" என்று பெரிதாக இருக்கும். அந்தப் பரிமாறல் 150 கிராமுக்கு மேல் வரும், மிச்சம் மாச்சத்தும் சீனியும். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் என்று படுக்கையில் விழ நேரும்.

இரண்டாவது பார்வை உள்ளடக்கப் பட்டியலுக்கு. கிளைசின், டோரின் போன்றவை தனித்தனியாக முன்வரிசையில் நின்றால் புரத எண்ணிக்கை ஊதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. பரிசோதனையில் அளக்கப்படுவது நைதரசன். மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். கொலாஜன் மாவை முடிக்கென்று விற்கிறார்கள், விலையும் கூட. அதில் டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லை. குடிப்பதானால் குடியுங்கள், 60 கிராம் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

விலையை ஒப்பிட எளிய வழி: ஒரு பரிமாறலின் புரதத்தைப் பரிமாறல் எண்ணிக்கையால் பெருக்கி, டப்பா விலையை அதனால் வகுங்கள். ஒரு கிராம் புரதத்தின் விலை வரும். இப்படிப் பார்த்தால் மலிவு டப்பா பல நேரம் மலிவாக இருக்காது. உறை உடைத்து நிறுத்துச் சின்னப் பையில் கட்டித் தரும் மாவை வாங்காதீர்கள். நம் வெக்கையிலும் கடல் காற்றிலும் அது சீக்கிரம் கட்டிபடும், திகதியும் தெரியாது.

கலக்குவதில் நடக்கும் பிழை ஒன்றுதான்: கொதிக்கும் பாலிலோ சூப்பிலோ போடுவது. புரதம் திரைந்து முட்டை பொரித்ததுபோல் திரளும், தொண்டையில் சிக்கும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு முதலில் கொஞ்ச நீரில் குழைத்து, அதன் பின் மிச்சத்தை ஊற்றுங்கள். குலுக்கினால் நுரை அடங்க ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். நுரையோடு குடித்தால் அந்தச் சின்ன வயிறு காற்றாலேயே நிறைந்துவிடும். ஐசொலேட் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கொன்சென்ட்ரேட் குடித்தால் வயிறு பொருமினால் லக்ரோஸை (பாலில் உள்ள சீனி) சந்தேகிக்கலாம்.

டப்பா கட்டுப்படியாகாதவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய பால்மா நல்ல மாற்று. 100 கிராமில் சுமார் 35 கிராம் புரதம், எந்தக் கடையிலும் கிடைக்கிறது. முழு ஆடைப் பால்மாவில் அது 25 கிராம் அளவுதான். ஆனால் கொழுப்பு நீக்கிய பால்மாவில் பாதி லக்ரோஸ். அதனால் ஒரு தடவைக்கு 15 கிராமில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். மோல்ட் பானங்களை இந்த இடத்தில் வைக்காதீர்கள். நோயாளிக்குப் பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் அந்தப் பைக்கற்றில் சீனியும் மாச்சத்தும்தான் முதலிடம்.

சந்தையில் கிடைப்பது

மென்மையான உணவுக்கு வந்த பிறகு மாவுக்குச் செலவழிப்பது நம் பக்கத்தில் கொஞ்சம் வீண்தான். சமைத்த சூரை 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. முட்டை ஒன்றில் 6. எருமைத் தயிர் 100 கிராமில் 4 முதல் 5. அவித்த பருப்பு 100 கிராமில் 9. சோயாமீற் காய்ந்த நிலையில் நிறையில் பாதி புரதம், 20 கிராம் போட்டால் 10 கிராம் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முட்டை, 90 கிராம் மீன், 150 கிராம் தயிர், 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா, அரைக் கோப்பை பருப்பு என்று பிரித்தால் 60 கிராமைத் தொட்டுவிடலாம். அவ்வளவும் ஒரே வேளையில் இறங்காது, ஐந்தாறு தடவையாகப் பிரிக்க வேண்டும்.

பிழைக்கும் இடம் வரிசை. புட்டும் சொதியும் முதலில் உள்ளே போனால் மீனுக்கு இடமில்லை. தட்டில் மீனோ முட்டையோ முதலில் முடிய வேண்டும், பிறகு மரக்கறி, சோறும் புட்டும் கடைசி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் தள்ளி வையுங்கள். இலைக்கஞ்சி உடம்புக்கு நல்லதுதான், புரதக் கணக்குக்கு அது தண்ணீர் மாதிரி. கூனியும் நெத்தலிக் கருவாடும் புரதம் செறிந்தவை, உப்பும் அப்படியே. சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, சம்பலுக்குப் பதில் பருப்போடு சேர்த்து அவித்தால் தேவலை. மீன் உலர்ந்து போகும்படி பொரித்தால் சின்ன வயிற்றில் அடைக்கும். ஆணம் வைத்துப் பிசைந்து சாப்பிடுவது சுகம்.

முதல் வருடத்தில் நோன்பு பிடிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோன்பு திறந்து சஹர் வரைக்கும் உள்ள நேரத்துக்குள் 60 கிராம் புரதமும் ஒன்றரை லீற்றர் தண்ணீரும் இந்த வயிற்றுக்குள் போவது எளிதல்ல.

விற்றமின், இரும்பு, நாகம்

இந்தத் தட்டுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு இரும்பு உறிஞ்சும் முன்சிறுகுடலே பாதையிலிருந்து விலகிவிட்டது. ஸ்லீவ் செய்தவருக்கு அமிலம் குறைந்துவிட்டது. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இது இரண்டாவது இழப்பு. அவர்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு எல்லா வழியாலும் சேர்ந்து நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு.

கம்மி வடிவ விற்றமினை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவற்றில் இரும்பே இருக்காது, செப்பும் இருக்காது, சீனி இருக்கும். தாதுக்களும் சேர்ந்த பெரியவர்களுக்கான குளிசைதான் வேண்டும். பின்பக்கத்தில் இரும்பு, நாகம், செப்பு, போலிக் அமிலம், தயமின் (பி1), பி12 ஆறும் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பாருங்கள். இந்த ஓப்பரேசனுக்கென்றே தயாரித்த குளிசை கொழும்பில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் சாதாரணக் குளிசை இரண்டாக எடுக்க வேண்டுமா என்பதை உங்கள் கிளினிக் சொல்லும். பெட்டியில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இலக்கம் உண்டா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பையில் வந்ததாகச் சொல்லி விற்கும் போத்தலில் அது இருக்காது.

இரும்புக்கு விலை கூடிய சிரப் தேவையில்லை. ஃபெரஸ் சல்பேட் அல்லது ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் சுமார் 60 முதல் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பாமசியில் ஆக மலிவான குளிசைகளில் ஒன்று. மெதுவாகக் கரையும் வகை, குடலில் கரையும் பூச்சுள்ள வகை இரண்டையும் தவிருங்கள். அவை உறிஞ்சும் இடத்தைத் தாண்டிப் போய்த்தான் கரையும், பைபாஸ் செய்தவருக்கு அது பெரும்பாலும் கழிவறைக்கே. வயிறு எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். இரும்பு ஒரு நாள் விட்டு எடுக்கும்போது குளிசை ஒன்றிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு கூடும்.

நேரம் பிழைத்தால் நல்ல குளிசையும் வேலை செய்யாது. பிளேன்ரீ இங்கே தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அதன் தனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரோடு எடுத்தால் உறிஞ்சல் கூடும். கல்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணித்தியாலம் விட வேண்டும், இரும்புள்ள விற்றமின் குளிசைக்கும் இதே விதி. நடைமுறையில் இப்படி வைத்தால் குழப்பம் குறைவு: காலைச் சாப்பாட்டோடு விற்றமின், பத்தரைக்கு ஒரு கல்சியம், மதியத்துக்குப் பின் ஒன்று, மாலை ஒன்று, படுக்கும்முன் இரும்பு. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதை விடிய வெறும் வயிற்றில் எடுத்து, இரும்பையும் கல்சியத்தையும் நாலு மணித்தியாலம் தள்ளி வைக்க வேண்டும். அவர்களுக்குக் காலை விற்றமினும் மதியத்துக்கு நகரும், மதியக் கல்சியம் அதற்கு ஏற்றபடி தள்ளிப்போகும்.

கல்சியம் முடிக்கானதல்ல, ஆனால் இந்தப் பட்டியலைக் குழப்புவது அதுதான் என்பதால் ஒரு வார்த்தை. இலக்கு நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். அமிலம் குறைந்த வயிற்றுக்குச் சிட்ரேட் வகை ஏற்றது. கர்ப்பிணிக் கிளினிக்கில் தந்து மிஞ்சிய கல்சியம் லாக்டேட் 300 மில்லிகிராம் குளிசையைச் சிலர் தொடர்கிறார்கள். அதில் உண்மையான கல்சியம் 40 மில்லிகிராம்கூட இல்லை.

நாகத்தில் ஆசை கூடாது. ஸ்லீவ் செய்தவருக்கு நாளுக்கு 8 முதல் 11 மில்லிகிராம், பைபாஸ் செய்தவருக்கு 8 முதல் 22 போதும். முடிக்கென்று 50 மில்லிகிராம் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கினால் நாகம் செப்பின் உறிஞ்சலைத் தடுக்கும். செப்புக் குறைந்தால் இரத்தசோகை வரும், கால் மரத்துப் போகும். 8 முதல் 15 மில்லிகிராம் நாகத்துக்கு 1 மில்லிகிராம் செப்பு என்ற விகிதம் லேபலில் இருக்க வேண்டும். நம் வாவி நண்டிலும் மாட்டிறைச்சியிலும் நாகம் தாராளம். இறைச்சியை அரைத்துச் சமைத்தால்தான் ஆரம்ப மாதங்களில் இறங்கும்.

முடித் தட்டு

பயோட்டின் 5000, 10000 மைக்ரோகிராம் என்று வருகிறது. ஒரு பெரியவருக்குப் போதுமான அளவு நாளுக்கு 30 மைக்ரோகிராம். பயோட்டின் குறைபாடு உறுதியானால் அது மருந்து. குறைபாடில்லாதவருக்கு அது முடியைக் காப்பாற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்பதால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதிக அளவு பயோட்டின் தைரொயிட் அறிக்கையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பிழையாகக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலும் 2019இலும் இதை எச்சரித்தது. எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாளாவது நிறுத்த வேண்டும், ஆய்வுகூடத்திலும் சொல்ல வேண்டும். எங்கள் மதிப்பீடு: வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு தட்டு முட்டை வாங்கலாம்.

முடிக்கான கலவைக் குளிசைகளில் இன்னொரு வில்லங்கம், ரெட்டினோல் வடிவ விற்றமின் ஏயும் செலீனியமும். இரண்டும் மிஞ்சினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். ஏற்கெனவே விற்றமின் குளிசை எடுப்பவர் இதையும் சேர்த்தால் கணக்கு இரட்டிக்கும்.

மினொக்சிடில் நல்ல மருந்துதான், ஆனால் பரம்பரையாக முடி மெலிவதற்கு. தொடங்கிய முதல் கிழமைகளில் அதுவே உதிர்வைக் கூட்டும். தானாக நிற்கப் போகும் உதிர்வுக்கு அதைப் போட்டுவிட்டு, கூடியதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால் இரட்டை நட்டம். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் தொடக்கூடாது. நடுவகிடு அகலமாகிக்கொண்டே போனால் தோல் வைத்தியர் சொல்லித் தொடங்கலாம்.

தேங்காயெண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது, ஆகவே முறிவு குறையும். வேருக்கு அது எதுவும் செய்யாது. வெங்காய எண்ணெய்க்குக் கூடுதல் விலை தர எந்தக் காரணமும் இல்லை, மணமும் ஒரு கிழமைக்குப் போகாது. ஷாம்பு எதுவானாலும் சரி. முழுகினால் கொட்டுகிறது என்று பத்து நாள் முழுகாமல் இருப்பவர்கள் உண்டு. எப்படியும் விழ இருந்தவை அன்றைக்கு ஒன்றாக விழுகின்றன, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் இதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போடுவதும், ஈரத்தோடு ஹிஜாப் உள்தொப்பி இறுக்குவதும் முடியை இழுத்து அறுக்கும், அதைத் தவிருங்கள். ரீபொண்டிங், கெரட்டின் சிகிச்சை இரண்டையும் ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

எப்போது கடையை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்? வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தால், புருவமும் கொட்டினால், உச்சியில் சிவந்து செதில் விட்டால், பன்னிரண்டு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது நின்றது திரும்பத் தொடங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைரொயிட்), பி12, விற்றமின் டி, முடிந்தால் நாகமும் அல்புமினும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் இரும்பு சரி என்று ஆகாது. ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது பார்த்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், குணமாகிச் சில கிழமை கழித்துக் கொடுங்கள். ஓப்பரேசன் அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்லீவா பைபாஸா என்று தெரியாமல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ பார்க்கும் வைத்தியரால் அளவு சொல்ல முடியாது.

தொடர்ந்து வாந்தி இருந்தால் முடியை மறந்துவிடுங்கள். சில கிழமை வாந்தியிலேயே தயமின் வற்றிவிடும். பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், பேச்சு மாறினால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் எடைக் குறைப்பு ஓப்பரேசன் செய்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் சேலைன் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டிவரும்.